தலைமாட்டுச் சுழி

பழைய சாமான் கடையில் நாற்பது வருஷத்துக்கு மேல் கொள்முதல் பார்த்தவன் நான். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் வாரத்தில் ஒரு நாள் புதுக்கோட்டையில் அந்தக் கடைக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். முதலாளியின் பேரன்கள் இரண்டு பேர் இப்போது நடத்துகிறார்கள். பலகையில் 'ஆன்டிக்ஸ்' என்று எழுதியிருக்கிறது. போன மாதம், மலைப்பக்கம் விடுதி கட்டுகிற ஒருவர் வந்து ஒரு கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது ஒரு ஜமீன்தாரம்மா படுத்த கட்டில் சார். ராத்திரி தூக்கம் வரலேன்னா இதுல படுத்துக்கிட்டே வீணை வாசிப்பாங்க" என்றான் பெரிய பேரன். படுத்துக்கொண்டு வீணை வாசிக்கிற பெண்பிள்ளையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. வந்தவர் சொக்கிப்போய்க் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும், "ஒங்க காலத்துல இப்படிக் கதையெல்லாம் விடுவீங்களா தாத்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

விட்டேன். இவர்கள் கதை சொல்லி விலையை ஏற்றுகிறார்கள், நான் கதை சொல்லி இறக்கினேன். "அதெல்லாம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உங்கள் தொழில் அனுபவத்தை எழுதுங்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது சாமர்த்தியக் கதைகளை. என்னிடமும் அப்படி ஒரு சாமர்த்தியக் கதை இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததற்கு மறு வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது உத்தியோகம் போனவர்கள், ஊர் மாறிப் போகிறவர்கள் என்று பலரும் மேசை நாற்காலிகளை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அரிமளம், பொன்னமராவதிப் பக்கம் பர்மாத் தொழில் படுத்துப்போன பெரிய வீடுகளில் ஆளுயரக் கண்ணாடிகளும் கடைசல் கால் கட்டில்களும் முடங்கிக் கிடந்தன. முதலாளி சவரிமுத்து ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். மாதா கோயில் பட்டறையில் பெஞ்சும் பீடமும் செய்துகொண்டிருந்த தச்சர். சொந்தமாக ஒரு சந்துக்குள் கடை போட்டு, பழைய சாமானை வாங்கிச் சீர்செய்து விற்க ஆரம்பித்திருந்தார். முதல் மூன்று வருஷம் நான் தூக்கினேன், துடைத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

முதலாளி ஒரு பொருளைப் பார்க்கிற விதத்தை மட்டும் சொல்ல வேண்டும். வாங்கப் போன வீட்டில் எந்த நாற்காலியிலும் உட்கார மாட்டார். "உக்காந்துட்டா அது நம்ம நாக்காலி மாதிரி ஆயிரும், அப்பறம் குத்தம் கண்ணுக்குத் தெரியாது" என்பார். முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்ப்பார். தடவிப் பார்ப்பது புறங்கையால். உளி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியாது, புறங்கைக்கு மயிரிழை விரிசலும் தெரியும் என்பது அவர் கணக்கு. மேசை என்றால் இழுப்பறையை வெளியே எடுத்து மூக்கருகில் வைத்து மோந்து பார்ப்பார். பூச்சி விழுந்த மரத்தில் பழைய மாவு வாசனை அடிக்கும். கடைசியாகப் பின்னங்காலில் நகத்தால் ஒரு கீறல். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பார், அதுவும் பாதி வாயை.

குறை சொல்லி விலையைக் குறைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அவரும் சொல்வார். ஆனால் இருக்கிற குறையை மட்டும். "இருக்குற நொட்டையச் சொல்லு ராமையா. இல்லாத நொட்டையச் சொல்லி வாங்குனா அது வேற பேரு" என்பார். அவர் பொய்யே சொல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டிலிருந்து சாமான் எடுக்கும்போது கொல்லைப்பக்கமாக எடுத்து, போர்வை போட்டு மூடி வண்டியில் ஏற்றுவோம். தெருவில் யாராவது கேட்டால், "பாலீஷ் போட எடுத்துட்டுப் போறோங்க" என்பார் வாய் கூசாமல். விற்கிற வீட்டுக்காரருக்குத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமே. அந்தப் பொய்யை நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

ஐந்தாறு வருஷத்தில் அவர் என்னைத் தனியே கொள்முதலுக்கு அனுப்பத் தொடங்கினார். அங்கேதான் கெட்டேன். என் பெரியப்பா மாட்டுத் தரகர். சின்ன வயதில் அவரோடு சந்தைக்குப் போய், மாட்டின் மேல் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து, இந்தச் சுழி ஆகும், இது குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் அடித்து விடுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். பொன்னமராவதியில் ஒரு வீட்டில் ஈட்டி மர அலமாரி ஒன்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் கதவில் ஒரு கணு இருந்தது. கிளை புறப்பட்ட இடத்தில் மரத்தில் விழுகிற கறுத்த வட்டம், வேறொன்றுமில்லை. "மாட்டுக்குச் சுழி இருக்குற மாதிரி மரத்துக்கும் உண்டுங்க. இது கதவுல இருக்கக் கூடாது" என்று போகிற போக்கில் சொன்னேன். அன்றைக்கே அலமாரியை வெளியே தள்ளிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு வாய்க்கு வந்ததெல்லாம் சாஸ்திரம். கதவுச் சுழி, பெட்டிச் சுழி, படிச் சுழி என்று நானே பெயர் வைத்தேன். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. பையன் கைராசிக்காரன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடும்பாளூரைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து ஆள் வந்தது. ஒரு வீட்டில் பழைய பெஞ்சும் இரண்டு நாற்காலியும் கொடுக்கிறார்கள் என்று தகவல். கடைக்குச் சாமான் ஏற்றுகிற மாணிக்கத்தின் மாட்டுவண்டியில் போனேன். அந்த ஊர்ப் பக்கம் மாணிக்கத்துக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. போகிற வழியில், "பாவம்ப்பா அந்த வீட்டு மருமக. ரெண்டு புள்ள தங்கல. ஒண்ணு பொறக்கயிலயே போச்சு, இன்னொண்ணு பதினெட்டு நாள்ல. மாமியாகாரி வாயில விழுந்து எந்திரிக்கிது" என்றார். இதை நான் முக்கியமாகக் குறிப்பிட வேண்டும். உள்ளே போகும்போதே எனக்கு அது தெரியும்.

வீட்டில் மாமியார் அழகம்மாளும் மருமகள் செண்பகமும் மட்டும் இருந்தார்கள். மகன் வயலுக்குப் போயிருந்தார். பெஞ்சையும் நாற்காலிகளையும் பார்த்து முடித்தேன். திறந்திருந்த அறைக்குள் அந்தக் கட்டில் தெரிந்தது. பர்மாத் தேக்கு. கடைசல் கால், தலைமாட்டுப் பலகையில் கொடியும் பூவும் செதுக்கி, ஓர் ஆணிகூட இல்லாமல் ஆப்பு வைத்தே பூட்டியிருந்தார்கள். அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் அரண்மனைச் சாமானில்கூடப் பார்த்ததில்லை. முதலாளி முன்னால் இதை இறக்கினால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு. அதுதான் என் ஆசை, வேறு எதுவும் இல்லை.

"அந்தக் கட்டிலையும் பாக்கலாமா ஆத்தா?" என்றேன்.

"அது குடுக்குறதுக்கில்ல தம்பி. மருமக கொண்டாந்த சீரு" என்றார் அழகம்மாள்.

செண்பகம் அடுப்படி வாசலிலிருந்து, "எங்கப்பா செஞ்சதுங்க. ரங்கூன்ல தச்சு வேல பாத்தாரு. ஜப்பான் சண்டைக்கு முன்னாடியே கப்பல்ல கொண்டாந்த மரம். எனக்குன்னே வச்சிருந்து செஞ்சாரு" என்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அரிமளத்துப் பெண். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

சீர்ப் பொருளை எந்த வீட்டிலும் விற்க மாட்டார்கள். விற்றால் ஊர் காறித் துப்பும். அது மருமகளின் உடைமை, அவள் அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு அடையாளம். விலை பேசி அதை எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று வேண்டும். நான் அறைக்குள் போய்ப் புறங்கையால் தலைமாட்டுப் பலகையைத் தடவினேன். கொடி வேலைக்குக் கீழே, தலையணைக்கு மேலே, உள்ளங்கை அளவில் ஒரு கணு. தீயைத் தொட்டவன் மாதிரி கையை எடுத்தேன்.

"என்ன தம்பி?" என்றார் அழகம்மாள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா."

"கைய வெடுக்குனு எடுத்தியே. என்னன்னு சொல்லு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அதுவும் பெரியப்பாவிடம் படித்ததுதான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்டுல கொழந்த குட்டி நல்லா இருக்காகளா ஆத்தா?" என்று கேட்டேன்.

அந்தம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ எதுக்குக் கேக்குற?" என்றார்.

"இது தலமாட்டுச் சுழி. படுக்குற எடத்துல இருக்கக் கூடாது. சின்ன உசுர அண்ட விடாது."

தலைமாட்டுச் சுழி என்ற பெயர் அந்த நிமிஷம் என் வாயில் பிறந்தது. அதற்கு முன்னால் உலகத்தில் அப்படி ஒன்று கிடையாது.

செண்பகம் வேகமாக அறைக்குள் வந்தாள். "அது சுழியில்லங்க, கணு. எங்கப்பாவே சொன்னாரு. அந்த எடத்துலயும் ஒரு பூவச் செதுக்கி மறைக்கட்டுமான்னு கேட்டாரு. நாந்தான் வேணாம்ப்பா, பாக்க அழகாத்தான் இருக்கு, கெடக்கட்டும்னு சொன்னேன்" என்றாள்.

உண்மையைச் சொன்னால் என் பேச்சு எடுபடாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அழகம்மாள் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"கெடக்கட்டும்னியா? நீயா சொன்ன?"

"ஆமா அத்தே. மரத்துல இருக்குறதுதான..."

"ஒங்கப்பன் மறைக்கிறேன்னு சொல்லியும் நீ கெடக்கட்டும்னிருக்க. ஏன் மறைக்கிறேன்னாரு அந்த மனுசன்? அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எம்மகன் தலமாட்டுல கொண்டாந்து வச்சிருக்கீக!"

அந்த இடத்தில், 'ஆத்தா, நான் சும்மா சொன்னேன்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவமானப்பட்டு வெளியே வந்திருப்பேன், அவ்வளவுதான். சொல்லவில்லை. கட்டில் கைக்கு வந்துவிட்டது என்று மட்டும்தான் எனக்குப் பட்டது. அழகம்மாள் விலையே கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்.

மாணிக்கமும் நானும் கட்டிலைப் பிரித்தோம். நான் சுத்தியலை ஓங்கியபோது செண்பகம், "அடிக்காதீங்க. உள்பக்கம் ஆப்பு இருக்கு, லேசாத் தட்டுனா கழண்டுக்கும்" என்றாள். அவள் அழவில்லை. ஒவ்வொரு காலையும் எந்தப் பக்கத்துக் கால் என்று சொல்லிச் சொல்லி வரிசையாக வைக்கச் சொன்னாள். மறுபடி யாராவது பூட்டும்போது மாறிப்போகக் கூடாதாம். கொல்லைப்பக்கமாகத் தூக்கிப் போர்வை போட்டு மூடினோம். தெருவில் ஒருவர் கேட்டபோது மாணிக்கம், "பாலீஷுக்குங்க" என்றார். நான் வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டுத்தான்.

முதலாளி கட்டிலைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த முகம்தான். ஒவ்வொரு துண்டாகப் புறங்கையால் தடவி, "இவன் தச்சன்டா" என்றார் இரண்டு தடவை. கணுவுக்கு வந்ததும் அதில் விரலால் தட்டினார். "கெளை மொளச்ச எடம். இங்க ஆணிகூட எறங்காது. செதுக்காம விட்டிருக்கான் பாரு, அது பெரிய மனசு" என்றார். பிறகுதான், "இத எப்படிக் குடுத்தாக?" என்று கேட்டார்.

நான் பெருமையாகச் சொன்னேன். பெரியப்பாவையும் சேர்த்துச் சொன்னேன். பாதிக் கதையிலேயே அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். அவர் என்னை அடித்ததில்லை, அன்றைக்கும் அடிக்கவில்லை.

"மரத்துக்கு நொட்ட சொன்னியா, அந்தப் பொண்ணுக்கு நொட்ட சொன்னியா?"

"மரத்துக்குத்தான் முதலாளி."

"அது அவ கொண்டாந்த மரம்டா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதா கோயில் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிவிடட்டுமா என்றுகூட உளறினேன், நான் கிறிஸ்தவன் இல்லை என்பதையும் மறந்து. "சாமியார்ட்ட எதுக்கு? எங்க சொன்னியோ அங்க போயி, பொய் சொன்னேன்னு சொல்லு. கட்டில நான் தொட மாட்டேன். அவுகளோடது, திருப்பிக் குடுக்கணும்" என்றார்.

நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓட்டினேன். கடைசியில் அவர் கோபித்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். அந்த வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அழகம்மாள் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. ஒங்களத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றவர் அவர்கள் பக்கம் திரும்பி, "இந்தத் தம்பிதான் கையால தொட்டே கண்டுபிடிச்சது" என்றார். பிறகு என்னிடம், "அவள அவுக அப்பன் வீட்டுக்கே அனுப்பிட்டேன். மகனுக்கு வேற எடம் பாத்தாச்சு. இவுகதான் பொண்ணு வீட்டுக்காரக. தையில கல்யாணம் வச்சிருக்கோம்" என்றார்.

எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். மகன் மூலையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது, குடித்தேன். பெண் வீட்டுக்காரர் ஒருவர், "எங்க பொண்ணுக்கு ஒரு பீரோ செஞ்சு வச்சிருக்கோம். வந்து ஒரு பார்வ பாத்துச் சொல்லணும் தம்பி" என்றார். "வாரேங்க" என்றேன். அதைச் சொல்வதற்கு மட்டும் நாக்கு வளைந்தது.

கடைக்கு வந்து, "சொல்லிட்டேன் முதலாளி. அவுக நம்பல" என்றேன். அவர் நம்பினார். மனிதர் என்னை நம்பியதை நினைத்தால் இன்றைக்கும் பொறுக்கவில்லை. கட்டிலைப் பிரித்தபடியே பின்னறையில் சாத்தி வைத்து, விலைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொன்னார். "அந்தப் பொண்ணு வீட்டுலேருந்து என்னைக்காச்சும் ஆள் வரும்" என்பார். அவள் ஊர் அரிமளம் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அரிமளம் எங்கள் கடையிலிருந்து எவ்வளவு தூரம்? நான் போயிருக்கலாம். போகவில்லை. அவர் இறந்த வருஷம் அவருடைய மகன் அதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். கால்களை எந்த வரிசையில் பூட்ட வேண்டும் என்று வாங்கியவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, அறுபதுகளின் நடுவில், அரிமளத்தில் ஒரு தச்சர் வீட்டுச் சாமான் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் தச்சர் வீடுகள் பல, வாசலுக்குப் போகும்வரை எனக்குப் பொறி தட்டவில்லை. வாசல் நிலையில் அதே கொடியும் பூவும் செதுக்கியிருந்ததைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது. தச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் திருச்சிக்குக் குடிபோகிறாராம். அவருடைய அப்பாவின் மேசையையும் உளிப் பெட்டியையும் எடுத்துக் காட்டிவிட்டு, வண்டிக்காரரைக் கூப்பிடப் போனார். கூடத்தில் தையல் மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெஷின் நின்றது.

"என்னத் தெரியுதுங்களா?" என்று கேட்டாள் செண்பகம்.

தலையை ஆட்டினேன். முன்நெற்றியில் நரை வந்திருந்தது. வயது முப்பதுதான் இருக்கும். அவள் எழுந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். கோபம் எதுவும் இல்லை. என்றாவது பார்த்தால் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்கிறவள் மாதிரி இருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கப்பா சாகுற வரைக்கும் பொலம்புனாரு. எத்தனையோ கட்டிலு செஞ்சேன், எம் மகளுக்குச் செஞ்சதுல போயி தப்புப் பண்ணிட்டேனேன்னு. இல்லப்பா, நாந்தான் கெடக்கட்டும்னு சொன்னேன்னு நான் சொல்லுவேன். நாங்க ரெண்டு பேரும் இதையே பேசிக்கிட்டுக் கெடந்தோம். நீங்க ஊரு ஊராப் பாக்குறவுக. நெசமாவே அது சுழிதானா? மறைச்சிருந்தா எம்புள்ளைக தங்கியிருக்குமா?"

கூடத்தில் வேறு யாரும் இல்லை. முதலாளி இல்லை, அழகம்மாள் இல்லை, எனக்கு நஷ்டம் வர எதுவும் இல்லை. அவளுடைய அண்ணன் திரும்பி வர இன்னும் ஐந்து நிமிஷமாவது ஆகும். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்து, 'அப்ப எதுக்குச் சொன்னீங்க?' என்று கேட்பாள் என்று பயந்தேன். உன் கட்டில் அழகாக இருந்தது, அதனால் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் மனசு நோகக் கூடாதென்று மறைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவள் முன்னால் கெட்டவனாக நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

"சுழிதாம்மா" என்றேன்.

அவள் குனிந்து மெஷின் மேல் கிடந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பச் சரி. ரெண்டாவது வந்தவளுக்கு மூணு புள்ளைகன்னு சொன்னாக. நீங்க அன்னைக்கு வந்து சொல்லலேன்னா அவ வயித்துலயும் தங்கியிருக்காது. நல்லதுதான் செஞ்சிருக்கீக" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

நானும் பதிலுக்குக் கைகூப்பினேன்.